மேசையில் மீன் இருக்கும்போது

பொரிப்பதற்கு முன்னால் மீனை ஈரம் போகத் துடைக்க வேண்டும், ரெனிட்டா. நிறையப் பேர் இதைச் செய்வதில்லை. கழுவிய கையோடு மாவில் புரட்டிச் சட்டியில் போட்டுவிடுகிறார்கள். பிறகு மாவு கழன்று எண்ணெயில் மிதக்கிறது, மீன் துணி மாதிரி தொங்குகிறது என்று கர்த்தரிடம் முறையிடுகிறார்கள். கர்த்தர் என்ன செய்வார். அவரிடம் ஒரு பழந்துணி கேட்டிருந்தாலாவது கொடுத்திருப்பார்.

நீ பேனாவைக் கீழே வைத்துவிட்டாய். எடுத்துக்கொள். என் மைத்துனன் கிளியோஃபஸை நான்தான் கொன்றேன் என்று சொல்வதற்கு இந்த ஷெரீப் அலுவலகத்துப் படியை மூன்றாவது முறையாக ஏறி வந்திருக்கிறேன். முதல் முறை வந்தபோது உன் மேலதிகாரி எனக்குக் காப்பி கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். இரண்டாவது முறை காப்பியும் கொடுக்கவில்லை. இந்த முறை நீ இருக்கிறாய். உன் அப்பா ஹோசியாவும் நானும் ஒரே படகில் மீன் பிடித்தவர்கள். அதற்காகவாவது கடைசிவரை கேட்பாய் என்று நினைக்கிறேன்.

என் பேச்சை யாரும் நம்புவதில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்குக் காரணம் அந்தக் கெளுத்தி. சன்ஃப்ளவர் ஆற்றில் ஒரு கெளுத்தி படகிலிருந்து லாந்தர் விளக்கை விழுங்கிவிட்டது என்றும், வயிற்றுக்குள் விளக்கு எரிய அது ஆறு முழுக்கச் சுற்றியது என்றும், அந்த வெளிச்சத்தில்தான் உன் அப்பா தூண்டிலில் புழு கோர்த்தார் என்றும் நான் ஊரெல்லாம் சொன்னேன். அது கொஞ்சம் மிகைதான். விளக்கு எரிந்துகொண்டிருக்கவில்லை. புகைந்துகொண்டுதான் இருந்தது.

ஆனால் மீன் பொரிப்பதைப் பற்றி நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை. அதை இந்த மாவட்டத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேள். ஆகஸ்ட் மாதம் சிகாகோவிலிருந்தும் டெட்ராய்ட்டிலிருந்தும் நம் சனங்கள் ஊருக்குத் திரும்பி வரும் அந்த ஞாயிற்றுக்கிழமையில், மவுண்ட் நீபோ கோவிலின் பின்னால் கருப்புச் சட்டி ஏறும். நீ பிறப்பதற்கு முன்பிருந்தே அந்தச் சட்டியின் முன்னால் நின்றவன் நான். கடுகு விழுதை மெல்லிசாகத் தடவி, சோளமாவில் மிளகும் மிளகாயும் உப்பும் கலந்து புரட்டி, சற்றே உலரவிட்டுப் பொரிப்பேன். எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்க ஒரு தீக்குச்சியை மிதக்கவிடுவேன். தானாகப் பற்றிக்கொண்டால் மீன் போடலாம். என் மீனைக் கடிக்கும் சத்தம் பருத்தி வயலைத் தாண்டிக் கேட்கும். ஒரு வருஷம் அடுத்த ஊர்ப் பாஸ்டர் அதைத் துப்பாக்கிச் சத்தம் என்று நினைத்துப் பிரசங்க மேடைக்குக் கீழே படுத்துவிட்டார். ஆமென் சொல்லக்கூட எழுந்திருக்கவில்லை.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், இப்போது ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று உனக்குத் தெரியும். லூஷியஸ் டார்வரின் மீன் ஒரு ஆளைக் கொன்றுவிட்டது என்கிறார்கள். முடிதிருத்தும் கடையில் என் காது படச் சொல்கிறார்கள். பாஸ்டர் நேற்று வீட்டுக்கு வந்து, இந்த ஆகஸ்டுக்கு முள்ளில்லாத உறைமீனைக் கடையில் வாங்கிவிடலாமா என்று கேட்டார். மிகவும் அன்பாகக் கேட்டார். அதனால்தான் வந்தேன். மீன் கொல்லவில்லை. நான் கொன்றேன். மீனின் பேரில் எந்தப் பழியும் வரக்கூடாது.

என் வீட்டு மேசைக்கு இரண்டு சட்டம் உண்டு. இரண்டும் என் மனைவி வெர்டெல் தன் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்தவை. மேசையில் மீன் இருக்கும்போது யாரும் பேசக்கூடாது. பேசினால் முள் சிக்கும். தொண்டையில் முள் தங்கினால் வெள்ளை ரொட்டியைப் பிய்த்து மெல்லாமல் விழுங்க வேண்டும், அது முள்ளை அள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் மீன் வைக்கும் மேசையில் ரொட்டி இல்லாமல் இருக்காது. இது முதல் சட்டம்.

இரண்டாவது, மீனோடு பால் சேரக்கூடாது. சேர்ந்தால் விஷம். வெர்டெலின் சித்தப்பா ஒருவர் கெளுத்தி தின்ற கையோடு ஐஸ்கிரீம் தின்றார். கரண்டியை நக்குவதற்குள் போய்விட்டார். கரண்டியை அவர் கையிலிருந்து பிடுங்க முடியாமல் அதோடே அடக்கம் செய்தார்களாம். இதை நான் பார்க்கவில்லை. வெர்டெல் சொன்னாள். அவள் பொய் சொல்லும் வழக்கம் இல்லாதவள். வீட்டில் அதற்கு ஒரு ஆள் போதும்.

எங்களுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் நான் மீன் பொரித்திருக்கிறேன். அவள் வாய் திறந்ததில்லை. சட்டம் அப்படி. தட்டைக் கழுவும்போது, "இன்னிக்கு நல்லா இருந்துச்சு கிழவா" என்பாள். அது எனக்குப் போதுமாக இருந்தது. போதுமாக இருந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

பிறகு கிளியோஃபஸ் வந்தான். வெர்டெலின் தம்பி. சிகாகோவில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவன். ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு பெட்டியோடு வந்தான். பெட்டிக்குள் இரண்டு சட்டை, ஒரு தொப்பி, எண்ணெயின் சூட்டை அளக்கும் ஒரு கண்ணாடிக் குழாய். அந்த ஒரு வாரம் இரண்டு வருஷமாக நடந்துகொண்டிருந்தது.

நான் அவனை வெறுத்தேன் என்று எழுதாதே. அவனுக்கு என் பின் அறையைக் கொடுத்தேன். என் சாய்வு நாற்காலியைக் கொடுத்தேன், அதாவது அவன் உட்கார்ந்தான், நான் எழுந்திருக்கச் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை என் அடுப்படியில் நின்று என் எண்ணெயில் அந்தக் குழாயைச் செருகினான்.

"எண்ணெய்க்கு என்ன மச்சான், ஜுரமா" என்று கேட்டேன்.

"சிகாகோல எல்லாம் இப்பிடித்தான் மச்சான். தீக்குச்சிய ஊறப்போட்டுத் திங்குற பழக்கம் அங்க இல்ல."

"அங்க மீனு இருக்கா?"

"அங்க ருசி இருக்கு" என்றான்.

அன்றைக்கு அவன் பொரித்ததை மேசையில் வைத்தான். எல்லாரும் உட்கார்ந்தோம். வெர்டெல் ஒரு துண்டு எடுத்துக் கடித்தாள். கண்ணை மூடினாள். பிறகு, அந்த வீட்டில் நான் ஒருபோதும் பார்க்காத ஒன்று நடந்தது. மேசையில் மீன் இருக்கும்போது அவள் பேசினாள்.

"டேய் கிளியோ, என்னடா இது" என்றாள். "மேல கண்ணாடி மாதிரி உடையுது, உள்ள வெண்ணெயாட்டம் இருக்கு. நம்ம அம்மா கையில கூட இப்பிடி வந்ததில்லையேடா."

நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டப்படி நான் பேசக்கூடாது. என்னோடு இத்தனை காலம் காத்த சட்டத்தை அவனுடைய முதல் துண்டுக்காக உடைத்துவிட்டாள். அதுகூடப் பரவாயில்லை. உடைத்துவிட்டோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. அதுதான்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை அவனுடையதாகிவிட்டது. பக்கத்து வீட்டு எர்லீன் அம்மாள் இடுப்பு உடைந்து கிடப்பவள், நாங்கள் அனுப்பும் தட்டு வருவதற்கு முன்பே ஜன்னலிலிருந்து குரல் கொடுக்க ஆரம்பித்தாள். "இன்னிக்கு யாரு பொரிச்சது வெர்டெல்? கிளியோவா? அப்ப ரெண்டு துண்டு சேத்து வையி" என்பாள். பாஸ்டர் வந்தார். சபை மூப்பர்கள் வந்தார்கள். எப்போதாவது நான் பொரித்தால், நான் கிளியோஃபஸின் முகத்தைப் பார்ப்பேன். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு, "பரவால்ல மச்சான். வயிறு நெறையுது" என்பான். எல்லாத் தடவையும் அதே சொல்தான். கல்லைத் தின்றாலும் வயிறு நிறையும், ரெனிட்டா. நான் அவனிடம் கேட்டது அதிகம் இல்லை. மொறுமொறுப்பாக இருக்கிறது என்று ஒரு சொல். அவன் சொல்லியிருந்தால் இந்தப் பேனாவுக்கு இன்று வேலையே இல்லை.

அவன் ரகசியம் என்ன என்று நானும் தேடினேன். ஒரு நாள் குளிர்ப்பெட்டியில் பின்பக்கமாக, கீரைக்கட்டுக்கு மறைவில் ஒரு கிண்ணம் இருந்தது. மூடியைத் திறந்தேன். கெளுத்தித் துண்டுகள் வெள்ளையாக எதிலோ மூழ்கிக் கிடந்தன. விரலால் தொட்டு நக்கிப் பார்த்தேன். பிறகு அங்கேயே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். குளிர்ப்பெட்டிக் கதவை மூடவும் தோன்றவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக அவன் எங்களுக்குப் பாலில் போட்ட மீனைக் கொடுத்துக்கொண்டிருந்தான். நாங்கள் எல்லாரும் செத்திருக்க வேண்டும். பாஸ்டர் உட்பட.

வெர்டெலைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு என் தலையில் தட்டினாள்.

"அது மோரு கிழவா. வெண்ணெ எடுத்த கெட்டி மோரு. அவன் எங்கிட்ட சொல்லிட்டுத்தான் ஊறவச்சான்."

"மோரும் பால்தான?"

"மோரு வேற, பாலு வேற. மோரு புளிச்சுச் செத்துப்போனது. செத்ததுல விஷம் ஏது? இனிப்புப் பாலுதான் ஆளக் கொல்லும். கதவச் சாத்து, கரண்டுக்கு உங்கப்பனா கட்டுறான்?"

அவள் துணி மடிக்கப் போய்விட்டாள். நான் கதவைச் சாத்தினேன். கொலை செய்யும் எண்ணம் அப்போது எனக்கு இல்லை. ஒரு தகவல் கிடைத்தது, அவ்வளவுதான். மனிதனுக்கு எத்தனையோ தகவல் கிடைக்கிறது.

ஜூலையில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் அறிவிப்புகளை வாசித்தார். இந்த ஆகஸ்டு விருந்தில் சட்டியின் முன்னால் சகோதரர் கிளியோஃபஸ் நிற்பார் என்றார். கை தட்டினார்கள். சகோதரர் லூஷியஸ் ரொட்டியைக் கவனித்துக்கொள்வார் என்றார். அதற்கும் கை தட்டினார்கள். நீயும் அன்று இருந்தாய். நீ தட்டினாயா என்று நான் பார்க்கவில்லை.

ரொட்டியைக் கவனிப்பது என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். மேசையின் ஓரத்தில் நின்று, வருகிறவர்கள் தட்டில் ஆளுக்கு இரண்டு துண்டு வெள்ளை ரொட்டி வைப்பது. சென்ற வருஷம் அந்த வேலையை ஹார்லன் வீட்டுக் கண் தெரியாத கிழவர் செய்தார். நன்றாகத்தான் செய்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் காரின் பின் இருக்கையிலிருந்து கிளியோஃபஸ் என் தோளில் தட்டினான்.

"கவலப்படாத மச்சான். ரொட்டியில்லாம மீனு இல்ல. நான் கை காட்டுவேன், நீ குடுப்ப. அவ்வளவுதான்."

வெர்டெல் சிரித்தாள். நல்ல சிரிப்பு அவளுக்கு. நான் அந்தச் சிரிப்புக்காகத்தான் கல்யாணம் செய்தேன்.

அந்த வார வெள்ளிக்கிழமை நான் பொரிக்கிறேன் என்றேன். இருவருக்கும் கொஞ்சம் பாவமாக இருந்திருக்க வேண்டும், உடனே சரி என்றார்கள். ஆற்றுச் சாலையில் மீன் விற்பவனிடம் எருமைமீன் வாங்கினேன். ஏன் கெளுத்தி வாங்கவில்லை என்று உன் மேலதிகாரி கேட்டார். சுற்றிலும் கெளுத்திக் குட்டைகள்தான், கல்லெறிந்தால் கெளுத்திமேல்தான் விழும் என்றார். வாஸ்தவம். அன்றைக்கு எனக்கு எருமைமீன் தின்ன ஆசையாக இருந்தது. அதன் விலாப்பகுதிக்கு இணையான ருசி கிடையாது. முள் அதிகம்தான். அதற்காகத்தான் கத்தியால் நெருக்கமாகக் கீறிவிடுவோம், எண்ணெய் உள்ளே போய்ச் சிறு முள்ளைப் பொரித்துவிடும். அன்றைக்கு என் கத்தி மழுங்கியிருந்தது. எவ்வளவு முடியுமோ அவ்வளவு கீறினேன். அவ்வளவு கீறினேன் என்று சொல்ல முடியாது. கீறினேன்.

சிகாகோவில் இவ்வளவு வருஷம் முள்ளெடுத்த மீன் தின்றவனுக்கு எருமைமீன் தின்னும் பழக்கம் விட்டுப்போயிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியது. ஆனால் நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை. என் யோசனையெல்லாம் பாலின் மேலேயே இருந்தது, அதை நீ புரிந்துகொள்ள வேண்டும்.

பால் குடிக்கவைப்பதுதான் சிரமம். அவனும் அந்த வீட்டில் வளர்ந்தவன்தானே. அதனால் சோளமாவில் மிளகாய்த்தூளை வழக்கத்தைவிடத் தாராளமாகப் போட்டேன். எவ்வளவு என்றால், மாவைக் கலக்கும்போது அடுப்படி ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஈ எழுந்து எர்லீன் அம்மாள் வீட்டுக்குப் போய்விட்டது. மீனைத் துடைத்தேன். கடுகு தடவினேன். தீக்குச்சியை மிதக்கவிட்டேன், சற்று நேரத்தில் பற்றிக்கொண்டது. அவனுடைய கண்ணாடிக் குழாயைத் தொடவே இல்லை. ரெனிட்டா, நான் என் வாழ்நாளில் பொரித்ததிலேயே நல்ல மீன் அதுதான். பொரிந்த மாவு ஓட்டின் நிறம் அறுப்புக்கு நிற்கும் சோளத்தின் நிறம். கரண்டியால் தட்டினால் கதவைத் தட்டுகிற சத்தம் வந்தது. உண்மையாகவே வெர்டெல் முன்னறையிலிருந்து, "யாரு வந்திருக்கா பாரு" என்றாள்.

அவள் தனக்கென்று முட்டைக்கோஸும் ஸ்பகெட்டியும் மட்டும் எடுத்துவைத்துவிட்டு, எர்லீன் அம்மாளுக்குத் தட்டு கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். அந்தத் தட்டில் வைத்தது வேறு மாவில் புரட்டியது, காரம் குறைவு, முள்ளில்லாத துண்டு. எர்லீன் அம்மாள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நான் அக்கறையில்லாதவன் அல்ல என்பதற்கு இதையும் குறித்துக்கொள்.

மேசையில் ஐஸ் டீ வைக்கவில்லை. பால் ஜாடியை வைத்தேன். கிளியோஃபஸ் வந்து உட்காருவதற்கு முன் அதைப் பார்த்தான்.

"என்ன மச்சான், பாலு?"

"டீ தீந்துபோச்சு."

"மீனு இருக்கே."

"ஆமா, நீ இந்த ஊர்க்காரன்ல. மறந்துட்டேன். சிகாகோல இதெல்லாம் பாக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். எடுத்துறவா?"

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பும் வெர்டெலின் சிரிப்பு மாதிரியேதான் இருக்கும். "ஊத்து" என்றான். நான் ஊற்றினேன். ரொட்டித் தட்டு என் முழங்கைப் பக்கம் இருந்தது. ரொட்டி என் பொறுப்பு அல்லவா. ஜெபம் சொன்னோம், தின்ன ஆரம்பித்தோம். அதிலிருந்து சட்டம் அமலுக்கு வந்தது.

முதல் கடியில் சத்தம் நன்றாக வந்தது. அவன் புருவம் உயர்ந்தது. இரண்டாவது கடியில் கண் கலங்கியது. மூன்றாவதில் மூக்கு ஒழுகியது. ஆனால் நிறுத்தவில்லை. வாயில் மீன் இருக்கும்போதே பால் டம்ளரை எடுத்து மடமடவென்று பாதிக்கு மேல் குடித்தான். உடனே டம்ளரைக் கீழே வைத்தான். சரியாக வைக்கவில்லை, சாய்ந்துவிட்டது. அவன் கை தொண்டைக்குப் போனது.

பால் வேலை செய்கிறது என்று நினைத்தேன். வெர்டெலின் சித்தப்பாவுக்கும் இப்படித்தான் ஆகியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். இவ்வளவு சீக்கிரம் ஆகும் என்று எதிர்பார்க்கவில்லை. சத்தம் எதுவும் வரவில்லை, அதுவும் ஆச்சரியம். அவன் வாய் திறந்திருந்தது, உள்ளே எதுவும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. மேசையைத் தட்டினான். பிறகு கையை நீட்டி என் பக்கம் காட்டினான். முதலில் ஜாடியைக் காட்டுகிறான் என்று நினைத்தேன். பிறகு புரிந்தது, ரொட்டி. நான் கை காட்டுவேன், நீ குடுப்ப என்று அவன் காரில் சொன்னது நினைவுக்கு வந்தது. அதில் கோபம் எதுவும் இல்லை. நினைவுக்கு வந்தது, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டில் வெர்டெலும் எர்லீன் அம்மாளும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் திறந்திருந்ததால் நன்றாகக் கேட்டது. நான் என் துண்டைத் தின்று முடித்தேன். முள்ளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தேன். அவன் எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, என் சட்டைக் கையைப் பிடித்தான். பிடி பலமாக இருந்தது, பஸ் ஓட்டியவன் அல்லவா. பிறகு அவ்வளவு பலமாக இல்லை. பிறகு என் நாற்காலியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் கையைக் கழுவினேன், மீன் தட்டை எடுத்து அடுப்பின் மேல் வைத்தேன். மேசையில் மீன் இல்லை என்றானதும், ஜன்னலுக்குப் போய் வெர்டெலைக் கூப்பிட்டேன்.

டாக்டர் முள் என்றார். ஒரு சின்ன விலா முள்ளும் அதைச் சுற்றி மீன் சதையும் மூச்சுக்குழலை அடைத்துவிட்டதாம். விபத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பாலைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் அவரிடமே போய்ச் சொன்னேன். அவர் என் ரத்த அழுத்தத்தைப் பார்த்தார். இன்று வந்ததும் உன்னிடம் சொன்னேன். நீ என்ன செய்தாய். உன் மதிய உணவுப் பொட்டலத்தைப் பிரித்து, என் கண் முன்னாலேயே மீன் வைத்த ரொட்டியைத் தின்று, பெட்டிப் பாலை உறிஞ்சிக் காட்டினாய்.

"பாருங்க மாமா. எனக்கு ஒண்ணும் ஆகல. மீனும் பாலும் யாரையும் கொல்லாது. நீங்க துக்கத்துல பேசுறீங்க. வீட்டுக்குப் போங்க" என்றாய்.

உனக்கு வயது குறைவு, தாங்குகிறது. நான் உன்னோடு வாதாட வரவில்லை. ஆனால் ஒன்று யோசித்துப் பார். வாழ்நாள் முழுக்க ஒருவன் ஒரே ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தான், அதை அவனிடமிருந்து எடுத்துக்கொண்டீர்கள். இப்போது ஒரு கொலை செய்தேன் என்கிறேன், அதையும் என்னுடையது இல்லை, மீனுடையது என்கிறீர்கள். சட்டியை வேறு எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதில் பொரிக்கக் கடை உறைமீன். இந்த வெள்ளிக்கிழமை எர்லீன் அம்மாள் என் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டாள். "முள்ளுக்கு பயமா இருக்கு லூஷியஸ்" என்றாள். அது முள்ளில்லாத கெளுத்தி.

வெர்டெல் ஒன்றும் சொல்வதில்லை. இப்போதெல்லாம் மேசையில் மீன் இல்லாதபோதும் அவள் பேசுவதில்லை. நேற்று தட்டைக் கழுவிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் ஒன்று கேட்டாள். நீயும் சற்று முன் அதையேதான் கேட்டாய்.

"ஏன் மாமா கூப்பிடல? அத்தை பக்கத்து வீட்லதான இருந்தாங்க. ஒரு குரல் குடுத்திருந்தா ஓடி வந்திருப்பாங்களே."

பதில் சுலபம். மேசையில் மீன் இருந்தது. அது அவளுடைய சட்டம், நான் போட்டது இல்லை. அவள் ஒரு தடவை உடைத்தாள். நான் உடைக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த மேசையில் மீன் இருக்கும்போது நான் வாய் திறந்ததே இல்லை.

வாக்குமூலம் என்றால் முழுதாகத்தான் கொடுக்க வேண்டும். ஆகவே அதைச் சற்று மாற்றி எழுதிக்கொள். ஒரு தடவை பேசினேன். அவன் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது. முகம் சாம்பல் பூத்திருந்தது, கண் என்னையே பார்த்தது. அவ்வளவு கவனமாக அவன் என்னை ஒருபோதும் பார்த்ததில்லை. நான் கொஞ்சம் குனிந்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டேன்.

"என்ன மச்சான், மொறுமொறுன்னு வந்திருக்கா?"

அவன் தலையை ஆட்டினான், ரெனிட்டா. பலமாக, திரும்பத் திரும்ப ஆட்டினான். அதை ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொள். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் அறிவிப்புகளோடு சேர்த்து வாசித்தால் நன்றாக இருக்கும்.